வலய மட்டத்தில் முதலிடம், இரண்டு வருடத்தில் ஆளையே காணோம்

பதினைந்து வயதில் 1500 மீற்றரில் மற்றவர்களை அரைச் சுற்றுப் பின்னால் விட்டு ஓடிய பிள்ளை, பதினாறில் மாகாண மட்டத்தில் எட்டாவதாக வருகிறது. அதற்கடுத்த வருடம் பெயர்ப் பட்டியலிலேயே இல்லை. மைதானத்து ஓரத்தில் நிற்பவர்களிடம் காரணம் ரெடியாக இருக்கும்: "சோம்பல் வந்துருச்சி", "கையில ஃபோன் கிடைச்சிருச்சி", "வயசுக்கு வந்த பொம்பளப் பிள்ளைக்கு அதுக்கப்புறம் ஓட்டம் வராது".

விளையாட்டு மருத்துவக் கிளினிக்கில் நாங்கள் பார்க்கும் வரிசை வேறு. முதலில் இரத்தம், அடுத்துச் சாப்பாட்டுத் தட்டு, அதற்கப்புறம் எலும்பு. மனசு கடைசியில்தான் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் நேரம் ஆறு வாரமாக மோசமாகிக்கொண்டே போனால், அந்தப் பிள்ளைக்கு உடம்பில் ஏதோ குறை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் "இன்னும் ரெண்டு ரவுண்டு போ" என்பதுதான் மலையகத் தோட்டப் பாடசாலைகளில் திறமைசாலிகளை இழக்கும் முதல் வழி.

இரத்தத்தில் இருந்து தொடங்குவோம். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 12.1 என்று இருக்கும், பக்கத்தில் 12க்கு மேல் சரி என்றும் அச்சடித்திருக்கும். பெண் பிள்ளைகளுக்கான இந்த 12 கடல் மட்டத்தில் வாழ்பவர்களுக்கு உரியது. உயரத்தில் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவு என்பதால் உடம்பு தானாகவே கொஞ்சம் கூடுதலாக ஹீமோகுளோபின் வைத்துக்கொள்ளும். ஆகவே கணக்குப் பார்க்கும்போது அதைக் கழிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலின்படி 1000 முதல் 1499 மீற்றர் வரை 0.8, 1500 முதல் 1999 வரை 1.1 கழிய வேண்டும். நுவரெலியா நகரம் கிட்டத்தட்ட 1,870 மீற்றரில் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் 12.1, கொழும்புக் கணக்கில் 11.0. அது இரத்தசோகை. ஹற்றன் பக்கம் என்றால் 0.8 கழித்து 11.3, அதுவும் இரத்தசோகைதான். நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ ரிப்போர்ட்டுகள் இந்தக் கழித்தலைச் செய்யாதவை. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்கு எல்லை 13. கழித்தல் அதே அளவு.

ஹீமோகுளோபின் விழுவதற்குப் பல மாதம் முன்பே இரும்புக் கையிருப்புக் காலியாகத் தொடங்கும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். 15க்குக் கீழே என்றால் பானை கழுவிக் கவிழ்த்த மாதிரி. நீண்ட தூரம் ஓடும் பிள்ளைக்கு 35க்குக் கீழே வந்தாலே நாம் வேலையைத் தொடங்குவோம். காய்ச்சல், தடிமன் இருந்த இரண்டு வாரத்துக்குள் இதைச் சோதிக்க வேண்டாம். உடம்பில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும்.

அதே ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) என்றொரு வரி இருக்கும். அது 80க்குக் கீழே, ஃபெரிட்டினோ நன்றாக இருக்கிறது என்றால் தலசீமியாக் காவியாக, அதாவது அந்த இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். எச்.பி.எல்.சி. என்ற இரத்தச் சோதனை செய்து பார்க்க வேண்டும். காவியாக இருந்து இரும்புக் குறைவும் இல்லாவிட்டால், வருடக்கணக்கில் இரும்புக் குளிசை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாது. (கல்யாணம் பேசும் காலத்திலும் இந்த ரிப்போர்ட் தேவைப்படும், பத்திரமாக வையுங்கள்.)

இரும்பு குறைவு என்று வைத்தியர் உறுதிசெய்தால் வழக்கமான 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் குளிசை ஒன்று போதும். அதில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதே நல்லது. தினமும் விழுங்கினால் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் கூடி நிற்கும். கடும் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளும் அது உச்சத்தில் இருக்கும். ஆகவே காலைப் பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள், தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு குடிப்பதுதான் சரியான வேளை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எட்டு வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும், கையிருப்பு நிறைய மூன்று மாதமாவது ஆகும். பூச்சி மருந்தையும் மறக்காதீர்கள். கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டு இரத்தம் உறிஞ்சினால் குளிசை ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

இனி தேத்தண்ணி. சாயத்தில் உள்ள பொலிபீனோல், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே பிளேன்டீ குடிக்கிற வீட்டில் அந்த வேளை இரும்பில் பாதிக்கு மேல் போய்விடும். கொழுந்து பறிக்கிற வீட்டில் தேத்தண்ணியை நிறுத்து என்று சொல்ல எங்களுக்கும் வாய் வராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிக் குடித்தால் போதும். குளிசை குடித்தால் இரண்டு மணி நேரம்.

தட்டுக்கு வருவோம். 45 கிலோ பிள்ளை 8 கிலோமீற்றர் ஓடினால் சுமார் 360 கலோரி செலவாகும். பயிற்றுநர் இதைக் கணக்கில் எடுப்பார். தோட்டத்து டிவிஷனில் இருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர் ஏறி இறங்கி நடப்பதை யாரும் எடுப்பதில்லை. போக வர, வாரம் ஐந்து நாள் என்றால் 30 கிலோமீற்றர். பயிற்சிக் கொப்பியில் அதற்கும் ஒரு கோடு போடுங்கள். இந்தச் செலவுக்கு ஈடாகச் சாப்பாடு போகாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும்: எலும்பு கட்டுவதை நிறுத்தும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயை நிறுத்தும். மூன்று மாதம் வராமல் போனாலோ, பதினைந்து வயது முடிந்தும் பூப்படையாவிட்டாலோ வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். "ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று சிலர் சொல்வது தவறு.

பெரிய செலவு வேண்டாம். காலை வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாமல் ஒரு ரொட்டியாவது. இடைவேளைக்கு அவித்த கடலை ஒரு கப், அதில் சுமார் 270 கலோரியும் 14 கிராம் புரதமும் உண்டு. பயிற்சி முடிந்ததும் ஒரு முட்டை அல்லது ஒரு கை கச்சான். நெத்தலிக் கருவாடு இரவுச் சோற்றில் சேரட்டும். கொய்யா, தேசிக்காய், தக்காளி ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் இரும்பும் நன்றாக உள்ளே போகும்.

எலும்பு. கணுக்காலுக்கு மேலே கணைக்கால் எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது என்றால் விரலால் அழுத்திப் பாருங்கள். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் பரவலாக வலித்து, ஓடச் சூடானதும் குறைந்தால் எலும்புச் சவ்வின் எரிச்சல். பயிற்சியைப் பாதியாக்கினால் பெரும்பாலும் அடங்கும். ஒரு விரல் நுனி வைக்கும் இடத்தில் மட்டும் சுரீர் என்று வலித்து, ஓட ஓடக் கூடி, இரவிலும் குத்தினால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே சுத்தம் என்று மறுபடி ஓட விடுவதால்தான் கீறல் முறிவாகிறது. கணைக்கால் எலும்பின் முன்விளிம்பு, பாதத்தின் மேல்பக்க நடு, கவட்டி ஆகிய மூன்று இடத்து வலிக்கு வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம், உடனே ஆதார வைத்தியசாலை. தைலம் போட்டுச் சுளுக்கு வழிப்பதும், போட்டிக்குப் போகும் வழியில் வலிக் குளிசை விழுங்குவதும் கீறலை மறைக்கும், ஆற்றாது.

சாதாரணக் கீறல் ஆற ஆறு முதல் எட்டு வாரம். வலியில்லாமல் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடந்த பிறகே ஓட்டம். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், சமதரையில், ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நடந்து. ரோட்டு இறக்கம் கணைக்காலை அடிக்கிற அடி வேறெதிலும் இல்லை. எப்போதுமே மேட்டில் ஓடுங்கள், இறக்கத்தில் நடந்து வாருங்கள்.

வெறுங்காலில் வளர்ந்த பிள்ளைக்கு மாகாணப் போட்டி அன்றுதான் முதன்முதலாக யாரோ ஸ்பைக்ஸ் சப்பாத்து இரவல் கொடுப்பார்கள். மறுநாள் குதிகால் தசைநார் பிடித்துக்கொள்ளும். நான்கு வாரம் முன்பே, வாரம் ஒருமுறை, சில 100 மீற்றர் ஓட்டங்களுக்கு மட்டும் போட்டுப் பழக்க வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டு மரதனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏப்ரலில் ஊருக்கு ஊர் நடக்கும், பரிசுக் காசும் இருக்கும், வீட்டுக்கு அது தேவையும்கூட. பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து ஓடவிட்டு, அடுத்த பத்து நாள் மெதுவோட்டத்தோடு நிறுத்துங்கள். ஒரே வாரத்தில் மூன்று ஓடுகிற பிள்ளைதான் ஜூனில் கணைக்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

பதினான்கில் ஜெயிப்பவர்களில் பலர் சீக்கிரம் வளர்ந்தவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்தால் இது தெரியும். கிடுகிடுவென்று வளரும் மாதங்களில் ஓட்டம் தடுமாறும், முழங்காலுக்குக் கீழே வலிக்கும். அந்தக் காலத்தில் பயிற்சியைக் குறைக்க வேண்டும். பின்னால் வருகிற மெலிந்த பையனையும் விட்டுவிடாதீர்கள். கண்டி முரளிதரன் பதினான்கு வயதுவரை மிதவேகப் பந்துதான் போட்டார். 800 டெஸ்ட் விக்கெட் அதற்கப்புறம் எடுத்த சுழலில்.

ஓடி முடித்து ஐந்து பத்து நிமிடத்தில் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வந்தால் அது குளிருக்கு மட்டும் வருவதாக எடுக்க வேண்டாம். விறகடுப்புப் புகையுள்ள லயத்துக் காம்பராவில் தூங்குகிற பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கலாம். வைத்தியர் எழுதிக் கொடுத்தால் ஓட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் முன் நீல இன்ஹேலர் இரண்டு இழுப்பு. ஊக்கமருந்து விதிகளுக்கு உட்பட்ட அளவுதான் அது. ஓடும்போதே மயங்கி விழுந்த பிள்ளையை மட்டும் ஈ.சி.ஜி. எடுக்காமல் மறுபடி ஓடவிடக் கூடாது. "தெம்புக்கு" சேலைன் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், வைத்தியசாலைச் சிகிச்சைக்கு வெளியே 12 மணி நேரத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் ஏற்றுவது தடைசெய்யப்பட்டது என்று சொல்லிவிடுங்கள்.

கிளினிக்குக்கு வரும்போது கொப்பி ஒன்று கொண்டு வாருங்கள்: மாதம் ஒருமுறை எடுத்த 1000 மீற்றர் நேரம், உயரம், மாதவிடாய்த் திகதி, வலித்த இடம், குடித்த குளிசை. பழைய ரிப்போர்ட்டும் வேண்டும். பிள்ளையோடு வருகிற அம்மாவுக்கு அன்றைய பேர் (நாட்சம்பளம்) போகும் என்பது தெரியும். காலை ஏழு மணிக்கே வந்தால் இரத்தமும் எக்ஸ்ரேயும் ஒரே நாளில் பார்க்கலாம். பாடசாலையில் இருந்து ஒரு கடிதம் இருந்தால், அடுத்த முறை விளையாட்டு ஆசிரியரோடு வந்தாலும் போதும்.