தராசு காட்டுவது எடை, அணு கேட்பது எண்ணிக்கை

அறிமுக வேதியியலைத் தேர்வுக்காகத் திருப்பிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். அணு நிறை, சமன்பாட்டைச் சமன் செய்தல், மோல், வாயுக்கள், கரைசலின் செறிவு, தரம்பார்த்தல், பி.எச். என்று பாடங்கள் தனித்தனியாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்பாடு. மனப்பாடம் செய்துவிட்டால் பழகிய கணக்கு வந்துவிடும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எந்த வாய்பாட்டை எடுப்பது என்று தெரியாமல் கை நின்றுவிடும். உண்மையில் இந்தப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே சிக்கல்தான். அணுக்கள் எண்ணிக்கை பார்த்துச் சேர்கின்றன. நம் கையில் இருப்பதோ தராசு.

ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டு. ஒரு கிலோ போல்ட்டையும் ஒரு கிலோ நட்டையும் வாங்கி வந்தால் அவை சரிக்குச் சரி பொருந்தாது; நட்டு லேசானது என்பதால் ஏராளமாக மிஞ்சும். ஆனால் ஒரு போல்ட்டின் எடையும் ஒரு நட்டின் எடையும் தெரிந்தால், எண்ணாமலே, எடை போட்டே சரியான ஜோடிகளைச் சேர்த்துவிடலாம். வேதியியலாளர்கள் செய்வது இதைத்தான். கூடுதலாக ஒரு தொல்லை: அவர்களுடைய போல்ட்டும் நட்டும் கண்ணுக்குத் தெரியாதவை. ஓர் அணுவைத் தனியாகத் தராசில் வைக்க முடியாது.

அப்படியானால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைவிட 16 மடங்கு கனமானது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிற இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது.

எந்த ஊர் நீரை எடுத்துப் பிரித்தாலும், எடையில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்குச் சுமார் எட்டுப் பங்கு ஆக்சிஜன் இருக்கும். இது தராசு சொன்ன செய்தி. 1808-இல் தன் அணுக் கொள்கையை நூலாக வெளியிட்ட ஆங்கில வேதியியலாளர் ஜான் டால்டன், ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்ததே நீர் என்று வைத்துக்கொண்டார். வேறு தகவல் இல்லாதபோது எளிமையானதை எடுத்துக்கொள்வது நியாயமான முடிவுதான். அப்படி எடுத்தால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைப்போல 8 மடங்கு என்று ஆகிவிடும். தராசில் பிழையே இல்லை. எத்தனை அணுக்கள் சேர்கின்றன என்ற அனுமானம் தவறியதால் அணு நிறையும் தவறிப்போனது.

அதே ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் வேறொன்றைக் கவனித்தார். வாயுக்களை எடையாக அளக்காமல் கன அளவாக அளந்தால் விகிதங்கள் சின்ன முழு எண்களாக வருகின்றன. இரண்டு லிட்டர் ஹைட்ரஜனும் ஒரு லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால், அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், இரண்டு லிட்டர் நீராவி கிடைக்கும். இதற்கு 1811-இல் இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ தந்த விளக்கம், வேதியியல் வரலாற்றிலேயே மிக அழகான தர்க்கங்களில் ஒன்று என்பேன். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் துகள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓர் ஆக்சிஜன் துகளில் இருந்து இரண்டு நீர்த் துகள்கள் வந்தாக வேண்டும். நீர்த் துகள் ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே ஆக்சிஜன் துகள் இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். அதாவது ஆக்சிஜன் வாயுவில் அணுக்கள் தனித்தனியாகத் திரிவதில்லை, இரண்டிரண்டாகப் பிணைந்திருக்கின்றன. ஹைட்ரஜனும் அப்படியே. கணக்கை மறுபடி போட்டால் நீரில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. ஆக்சிஜனின் அணு நிறை 8 அல்ல, 16.

ஒரே வகை அணுக்கள் இரண்டு தமக்குள் பிணையும் என்பதை அன்றைய வேதியியலாளர்கள் பலரால் ஏற்க முடியவில்லை. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பன்னாட்டு வேதியியலாளர்கள் கூடிய மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ இந்தக் கருத்தை எடுத்து வாதாடிய பிறகுதான் நிலைமை மாறியது. அவகாட்ரோ அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அந்த மாநாட்டுக்கு வந்தவர்களில் மெண்டலீவும் ஒருவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் வெளியிட்ட தனிம அட்டவணை, சரியான அணு நிறைகள் கைக்கு வந்ததால்தான் சாத்தியமானது.

சரி, மோலுக்கு வருவோம். கார்பனின் அணு நிறை 12, ஆக்சிஜனின் அணு நிறை 16 என்றால், 12 கிராம் கார்பனிலும் 16 கிராம் ஆக்சிஜனிலும் ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் இருக்கும். அந்த எண்ணிக்கைக்குத்தான் மோல் என்று பெயர். எத்தனை அணுக்கள் என்பது துல்லியமாகத் தெரியாமலே இந்த முறையை 19-ஆம் நூற்றாண்டில் பயன்படுத்தினார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். விகிதம் போதும், எண் தேவையில்லை. எண் பின்னால் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரான், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை அளந்து அதைக் கணக்கிட்டார். அவகாட்ரோவின் பெயரை அந்த எண்ணுக்கு வைத்தவரும் அவரே. 2019 மே 20 முதல் அது 6.02214076 × 10²³ என்று வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. இதன் அளவை உணர ஒரு துளி நீர் போதும். 0.05 கிராம் எடையுள்ள துளியில் சுமார் 1.7 × 10²¹ மூலக்கூறுகள் இருக்கின்றன. நொடிக்கு நூறு கோடி வீதம் எண்ணினாலும் எண்ணி முடிக்க ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

மோல் கைக்கு வந்துவிட்டால் வேதிச் சமன்பாடு செய்முறைக் குறிப்பாக மாறிவிடுகிறது. 'இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறு' என்பதை அப்படியே 'இரண்டு மோல், ஒரு மோல், இரண்டு மோல்' என்று படிக்கலாம். சமன் செய்யும்போது மூலக்கூறுகளுக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் மாற்றுவதற்கும் காரணம் இதுவே. முன்னால் உள்ள எண் எத்தனை மூலக்கூறு என்று சொல்கிறது. உள்ளே கீழே எழுதும் எண் அது என்ன பொருள் என்று சொல்கிறது. கணக்கு சரியாக வரட்டும் என்று நீருக்குள் இன்னொரு ஆக்சிஜனை எழுதினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும்.

மாணவர்களை மிகவும் தடுமாற வைப்பது வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. எந்தப் பொருள் முதலில் தீர்கிறதோ அதுவே விளைபொருளின் அளவைத் தீர்மானிக்கும். 10 கிராம் ஹைட்ரஜனையும் 64 கிராம் ஆக்சிஜனையும் வினைபுரிய விடுவதாக வைத்துக்கொள்வோம். எது முதலில் தீரும்? ஆறு மடங்குக்கும் மேல் ஆக்சிஜன் இருக்கிறதே, ஹைட்ரஜன்தான் தீரும் என்று தராசு நம்மை நம்ப வைக்கும். மோலுக்கு மாற்றிப் பாருங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு நிறை 2, ஆகவே 5 மோல். ஆக்சிஜன் மூலக்கூறு நிறை 32, ஆகவே 2 மோல். அந்த 2 மோல் ஆக்சிஜனுக்கு 4 மோல் ஹைட்ரஜன் போதும். தீர்ந்து போவது ஆக்சிஜன். ஒரு மோல் ஹைட்ரஜன், அதாவது 2 கிராம், மிஞ்சுகிறது. உண்டாகும் நீர் 4 மோல், 72 கிராம். கடைசியாக ஒரு சரிபார்ப்பு: உள்ளே போட்டது 74 கிராம், 72-உம் 2-உம் சேர்ந்தால் 74. இந்தச் சரிபார்ப்பை எந்தக் கணக்கிலும் விடாதீர்கள். பத்து நொடிகூட ஆகாது.

கரைசல்களிலும் இதே எண்ணிக்கைதான், தராசுக்குப் பதில் கன அளவின் வழியாக வருகிறது. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது. ஒரு லிட்டர் நீரில் அல்ல. இங்கே வழுக்குகிறவர்கள் அதிகம். ஒரு மோல், அதாவது 58.44 கிராம் சோடியம் குளோரைடைக் கொஞ்சம் நீரில் முழுதாகக் கரைத்து, அப்புறம் ஒரு லிட்டர் அளவுக் குடுவையின் கழுத்தில் உள்ள கோடு வரை நீர் ஊற்ற வேண்டும். நீரின் மேற்பரப்பு கண்ணாடி ஓரங்களில் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்ந்த அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும், நம் கண்ணும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும்.

சோடியம் ஹைட்ராக்சைடு இந்த வழிக்கு ஒத்துவராது. அது காற்றில் உள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். 4 கிராம் எடுத்தேன், ஆகவே 0.1 மோல் என்று சொல்ல முடியாது. அந்த 4 கிராமில் நீரும் கார்பனேட்டும் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எடை சரியாக இருந்தும் எண்ணிக்கை தவறும் இடம் இது. அதனால் நம்பகமான வேறொரு பொருளை வைத்து அதை எண்ணுகிறோம். தரம்பார்த்தல் என்பது அவ்வளவுதான்.

ஆக்சாலிக் அமிலப் படிகம் அதற்கு ஏற்றது. அமிலத்தின் மூலக்கூறு நிறை 90. படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் 126 என்று எடுக்க வேண்டும். 0.63 கிராம் படிகத்தைக் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கினால் அதில் 0.005 மோல் இருக்கும். அதில் 20 மில்லிலிட்டரைப் பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயால் எடுத்தால் 0.001 மோல். காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு சேர்த்து, பியூரெட் என்ற அளவுகோடிட்ட குழாயில் இருந்து காரத்தை விட்டுக் கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காரம் விழுகிற இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றி உடனே மறையும். முடிவை நெருங்க நெருங்க மறைய நேரமாகும். ஒரு சொட்டு விழுந்ததும் நிறம் சுமார் அரை நிமிடம் மறையாமல் நின்றால் நிறுத்திவிட வேண்டும். அப்போது பியூரெட் 19.6 மில்லிலிட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆக்சாலிக் அமில மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். ஆகவே 19.6 மில்லிலிட்டரில் இருந்தது 0.002 மோல், மோலாரிட்டி 0.102.

வாயுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவகாட்ரோவின் கருத்துப்படி கன அளவே எண்ணிக்கை: 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் எந்த வாயுவானாலும் ஒரு மோல் ஏறக்குறைய 22.4 லிட்டர்.

அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மட்டும் வேறு ஏதோ பாடம்போலத் தோன்றும். மடக்கைக் குறியீடு அந்த மயக்கத்தைத் தருகிறது. அதுவும் ஒரு லிட்டரில் எத்தனை மோல் ஹைட்ரஜன் அயனி என்ற எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையைப் பத்தின் அடுக்காக எழுதி, அடுக்கின் கழித்தல் குறியை நீக்கினால் பி.எச். வந்துவிடும். 25 டிகிரியில் தூய நீரில் அது 10⁻⁷ மோல், பி.எச். 7. ஒரு லிட்டர் நீரில் சுமார் 55 மோல் நீர் இருப்பதால், ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் அயனிகள் இருக்கின்றன. இப்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்த்துக்கொண்டே போங்கள். 10⁻³ மோலார் என்றால் பி.எச். 3, பத்து மடங்கு நீர்த்தால் 4, அப்புறம் 5, 6. இப்படியே 10⁻⁸ மோலாருக்குப் போனால் வாய்பாடு 8 என்கிறது. அமிலத்தில் நீரை ஊற்றி ஊற்றிக் காரமாக்க முடியுமா? முடியாது. அந்த இடத்தில் அமிலம் தருகிற அயனிகளைவிட நீர் தானே தருகிற அயனிகள் அதிகம். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். எண்ணினால் மொத்தம் சுமார் 1.05 × 10⁻⁷ மோல், பி.எச். 6.98.