ஐம்பூதங்களும் உடம்பின் கணக்கும்

உடம்பை நிலம், நீர், தீ, காற்று, வெளி என்று ஐந்தாகப் பார்ப்பது பழைய வழக்கம். இன்றைய உடலியல் இந்தப் பெயர்களில் பேசுவதில்லை. ஆனாலும் உப்பு, தண்ணீர், சூடு, மூச்சு, உள்ளிடம் என்று அந்த ஐந்தையும் தேடிப் போனால் ஒன்று புரியும்: இவற்றில் எதையும் தனியாகச் சரிக்கட்ட முடியாது.

வெயிலில் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால்வாசி வெறும் சூடாகத்தான் போகிறது. உள்ளுறுப்புகளோ 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தாக வேண்டும். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், தோலுக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டி, வியர்வைச் சுரப்பிகளை முடுக்கிவிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆவியானால்தான்! சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை. புழுக்கமான நாளில் சட்டை தொப்பலாக நனைந்தும் சூடு தணியாதது இதனால்தான்.

தீயைத் தணிக்க இப்படி நீர் செலவாகிறது. ரத்தத்தில் கரைந்துள்ள உப்பு போன்றவற்றின் செறிவு 1 முதல் 2 சதவீதம் ஏறினாலே ஹைப்போதலாமஸ் மோப்பம் பிடித்துவிடும். தாகம் எடுக்கும். வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரந்து, தண்ணீரை விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். வெளியே விடுவது ஒன்றரை லிட்டர் போலத்தான்.

சரி, அப்படியானால் வயிறு முட்டக் குடித்துவிட்டால் நல்லதுதானே? 2002இல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு உப்பில் உள்ள சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்துவிடும். மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் ஏது? தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு. உப்பு மண்ணின் பங்கு என்று வைத்துக்கொண்டால், நீரைக் கூட்டப் போய் நிலத்தைக் கரைத்த கதை இது.

மண்ணின் பெரிய இருப்பு எலும்பில் இருக்கிறது. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் அங்கேதான். ரத்தத்தில் அது குறைந்தால் பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

காற்றைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். மூச்சை இழுக்கச் சொல்லித் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. ஓய்வாக இருக்கும் நல்ல உடம்பில் ரத்தம் ஏற்கெனவே ஆக்சிஜனால் கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் அது பெரிதாக ஏறாது. கார்பன் டை ஆக்சைடுதான் இறங்கும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். சக்தி ஏறுவதாகச் சிலர் இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மெதுவாக, வெளிமூச்சை நீட்டி விடுவது வேறு விஷயம். அப்போது இதயத் துடிப்பு தணியும்.

மிச்சம் இருப்பது வெளி. குடலுக்கும் அது வேண்டும். இரைப்பை காலியாக இருக்கும்போது, சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சுருக்க அலை கிளம்பி, தங்கிய துணுக்குகளையும் கிருமிகளையும் பெருங்குடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். பசிக்கும்போது கேட்கும் கடமுடா சத்தத்தில் இதற்கும் பங்குண்டு. அப்புறம் ஏதாவது வாயில் போட்டால் அந்த அலை நின்றுவிடும். நாள் முழுக்கக் கொறிப்பவர்களின் குடலில் இந்தத் துப்புரவு ராத்திரியில்தான் நடக்கும்.