கம்பி மோதுகை (வயர் ஸ்ட்ரைக்)

பறக்கும் விமானத்தின் எந்தப் பாகமாவது மேலே கட்டியிருக்கும் கம்பியில் படுவதே வயர் ஸ்ட்ரைக். விமானம் விழுந்திருக்க வேண்டும் என்றில்லை. இறக்கையில் ஒரு கீறலோடு பலாலி விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கினாலும் அது வயர் ஸ்ட்ரைக்தான்.

'வயர்' முறுக்குதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். 'ஸ்ட்ரைக்' பழைய ஆங்கிலத்தில் உரசிச் செல்வதையும் குறித்தது.

தமிழில் 'மின்கம்பி விபத்து' என்றால் இரண்டு பிழை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்கு வரும் 132 கிலோவோல்ற்று லைனில், கோபுர உச்சியோடு ஓடும் மெல்லிய கம்பி மின்னல் காப்புக்கானது. அதில் லைன் மின்சாரம் பாய்வதில்லை. கீழேயுள்ள தடித்த கம்பிகளைக் கண்டு மேலெழும்பும் விமானி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இத்தகைய கம்பியில்தான். ஆகவே 'மின்' வேண்டாம். 'விபத்து' என்பது விளைவு, இது நிகழ்வு. 'மோதல்' நம் காதில் சண்டையாகவே விழும். பௌதிகப் பாடநூலின் 'மோதுகை' சரியாகப் பொருந்துகிறது.

இந்த வேறுபாடு ஆய்வுக்கு மிக அவசியம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த விமானம் கம்பியில் பட்டதா, எஞ்சின் நின்று விழும்போது பட்டதா என்பதே முதற் கேள்வி. காற்றாடி (புரொப்பெல்லர்) அலகில் ஆழமான வெட்டு இருந்தால் எஞ்சின் வலுவோடு சுழன்றிருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் சாய்வாக, சம இடைவெளியில் விழுந்த கோடுகள் முறுக்குக் கம்பியின் இழைகள் பதிந்த தடம். மின் பாய்ந்த கம்பியானால் குழிகளும் உருகி உறைந்த உலோக மணிகளும் இருக்கலாம். அவை இல்லையென்று மோதுகையே இல்லை என முடிவுகட்டக் கூடாது. கம்பி முனையையும் பார்க்க வேண்டும்: இழுபட்டு அறுந்த இழை ஒடுங்கியிருக்கும், வெட்டுண்டது ஒடுங்காது. துணைமின் நிலையத்தில் லைனில் மின் தானாகத் துண்டிக்கப்பட்ட நேரப் பதிவு, மோதிய கணத்தைத் தரும்.

அறுந்த லைனுக்குத் தன்னியக்க ஆளி சில விநாடிகளில் மீண்டும் மின் கொடுக்கலாம். லைனைத் துண்டித்து இருபக்கமும் ஏர்த் பண்ணியதாக லைனுக்குப் பொறுப்பான மின்சார நிறுவனம் எழுத்தில் தரும்வரை சிதைவை நெருங்கக் கூடாது.

'புலனாய்வு' என்ற சொல்லையும் தவிர்க்கலாம். இங்கே அது குற்றத்தையும் உளவையும் நினைவூட்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பின்படி நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, பழி சுமத்துவதல்ல. 'விபத்து ஆய்வு' என்பதே தகும்.