ஆடிட்டோரியமா, அரங்கா? ஒரு சொல் விளக்கம்

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில், இந்திய அரசின் நிதியில் எழுந்த பண்பாட்டு மையத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது அதன் 11 மாடிக் கோபுரம்தான். இரண்டு தளங்களில் அருங்காட்சியகம், 600 பேருக்கு மேல் அமரக்கூடிய நிகழ்ச்சிக் கூடம், கலைநிகழ்ச்சிகளுக்கும் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுச் சதுக்கம் ஆகியவையும் அங்கே உண்டு. 2023 பெப்ரவரியில் மையம் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவரின் பெயர் வந்தது. சரி, அந்த 600 பேர் கூடத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஆடிட்டோரியம் என்பது பலருக்கும் உடனே வாயில் வரும் சொல். அது லத்தீன் சொல். கேட்டல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. 'கேட்பதற்கான இடம்' என்பதே அதன் நேர்ப்பொருள். தியேட்டர் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் அடி பார்த்தல். ஆக இரண்டுமே முதலில் குறித்தது எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் இடத்தைத்தான். ஆடுபவர்களின் இடத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் ஆர்க்கெஸ்ட்ரா, அதாவது ஆடுகளம். பின்னாளில் அது வாத்தியக்காரர்களுக்குப் போய்விட்டது.

தமிழில் அரங்கு தொடங்கியது மறுபக்கத்திலிருந்து. இந்தச் சொல்லின் பழைய பொருளைப் பிடிக்க நல்ல இடம் திருக்குறளிலேயே இருக்கிறது. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று தொடங்கும் 401ஆம் குறளில் அரங்கு என்பது கூத்து மேடை அல்ல. வட்டாட்டம் ஆடுவதற்குத் தரையில் கீறிக்கொள்ளும் கட்டம். கட்டம் போடாமல் காய் உருட்டுவதைப் போன்றது, நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது என்கிறார் வள்ளுவர். வீட்டின் உள்ளறைக்கும் அரங்கு என்ற பெயர் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிற்கும் ஆற்றிடைக்குறை திருவரங்கம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரித்து எல்லை வகுத்த இடம்தான் அரங்கு என்று எனக்குப் படுகிறது. வடமொழியின் 'ரங்க' என்ற சொல்லோடு இதற்குள்ள உறவைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆடுவதற்காக எல்லை வகுப்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது என்று பாருங்கள். நிலம் தேர்ந்து, மலையில் வளர்ந்த, கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ள மூங்கிலை அளவுகோலாக வெட்டுகிறார்கள். கோலின் நீளம் 24 விரல். அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தளத்துக்கும் மேலேயுள்ள உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல் இடைவெளி. உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள். ஒரு விரலை ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொண்டால் 14 அடிக்கு 16 அடி. தரையிலிருந்து இரண்டடி உயரம், தலைக்கு மேல் எட்டடி. ஒருத்தி தனியாக ஆட அளவான இடம்தான்! தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்ற குறிப்பும் அங்கே இருக்கிறது. ஒளியமைப்புச் செய்பவர்களுக்கு இன்றைக்கும் இதே கவலைதான். திரைகளும் மூன்று வகை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கம் இழுப்பது, இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது, மேலே மறைந்திருந்து இறங்குவது.

அப்போது பார்ப்பவர்களுக்குப் பெயர்? அவை. 332ஆம் குறளில் 'கூத்தாட்டு அவைக்குழாம்' வருகிறது. செல்வம் சேர்வது கூத்துப் பார்க்கக் கூட்டம் சேர்வது போல, போவது கூத்து முடிந்ததும் அது கலைவது போல. அரங்கு ஆடுபவருக்கு, அவை பார்ப்பவருக்கு. இப்போது அரங்கு என்ற சொல் இரண்டையும் தன்னுள் எடுத்துக்கொண்டு முழுக் கட்டடத்துக்கும் பெயராகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மண்டபம் என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் நிறம் மாறும். தமிழ்நாட்டில் மண்டபம் என்றால் கல்யாணம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் வீரசிங்கம் மண்டபம் என்றால் கூட்டமும் நாடகமும் கச்சேரியும். அதுபோலத் தமிழ்நாட்டில் தியேட்டர் என்றாலே சினிமாதான். இலங்கையிலோ அரங்கு என்பது கட்டடத்தைத் தாண்டி ஒரு கலைத்துறைக்கே பெயராகியிருக்கிறது. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கியது நாடக அரங்கக் கல்லூரி. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடம் 'நாடகமும் அரங்கியலும்'. இந்த வழக்கைத் தமிழ்நாட்டவரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கலைநிகழ்ச்சியும் நடத்தக்கூடிய அந்தச் சதுக்கத்துக்கு வருவோம். அப்படிப்பட்ட இடத்தை ஆங்கிலத்தில் ஆம்ஃபிதியேட்டர் என்பார்கள். ஆம்ஃபிதியேட்டர் என்றால் சுற்றிலும் இருந்து பார்க்கும் இடம். அதற்குத் திறந்தவெளி அரங்கு என்று எழுதுகிறோம். புரிகிறது, ஆனால் சுற்றி உட்காரும் பொருள் அதில் இல்லை. மட்டக்களப்புக் கூத்தர்களிடம் வட்டக்களரி இருக்கிறது. மண்ணை வட்டமாக உயர்த்தி, நடுவில் கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, கூத்தர்கள் சுற்றி ஆட, ஊர் நாற்புறமும் இருந்து பார்க்கும். வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளும் அதில்தான் வளர்ந்தன. நாற்புறமும் ஆட்கள் அமரும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டு இருந்தால் வட்டக்களரி வேண்டாம், திறந்தவெளி அரங்கே சரி.

ஆகவே கூடத்துக்கு அரங்கு அல்லது கலையரங்கு, ஆடும் தளத்துக்கு மேடை, முழு வளாகத்துக்கு நிகழ்கலை மையம். அருங்காட்சியகமும் படிக்கும் இடமும் சேர்ந்திருந்தால் பண்பாட்டு மையம். திரைக்கு எழினி என்று எழுத ஆசைதான், ஆனால் வருகிறவருக்குப் புரிய வேண்டும், திரை போதும். நுழைந்ததும் ஆட்கள் கூடி நிற்கும் ஃபோயருக்கு மட்டும் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. பிரெஞ்சில் அது கணப்பு அடுப்பைக் குறித்த சொல். குளிர்நாட்டு நாடகக் கொட்டகையில் இடைவேளையில் குளிர்காயும் அறைக்கு வந்து சேர்ந்தது. நமக்கு வீட்டு முகப்பு வெளியைக் குறிக்கும் முன்றில் இருக்கிறது. 'இல்முன்' என்பது இடம் மாறி முன்றில் ஆனதாக இலக்கணப்போலிப் பாடத்தில் படித்த அதே சொல். நிகழ்ச்சி தொடங்கும் முன் நின்று பேசும் இடத்துக்கு அதை எழுதிப் பார்க்கலாம்.