கூரையில் வெயில், சுவரில் பேட்டரி

கூரை முழுக்க சோலார் பேனல் போட்ட வீடு. பகல் 12 மணி, வெயில் கொளுத்துகிறது. அந்த நேரம் பார்த்து தெருவில் மின்சாரம் போகிறது. பக்கத்து வீடுகளோடு சேர்ந்து இந்த வீட்டிலும் ஃபேன் நின்றுவிடுகிறது. பேனல் போட்டவர்கள் பலரும் முதல் தடவை திகைத்துப்போவது இங்கேதான். பேனலில் கோளாறு எதுவும் இல்லை, இன்வெர்ட்டரிலும் இல்லை. அப்படி நின்றுபோக வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம், அதாவது டிசி. வீட்டுச் சாதனங்களுக்கு வேண்டியது திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசி. நாட்டுக்கு ஏற்ப நொடிக்கு 50 அல்லது 60 சுற்று. முன்னதைப் பின்னதாக மாற்றுவது இன்வெர்ட்டரின் வேலை. ஆனால் கிரிட்டோடு, அதாவது தெருவில் வரும் பொது மின்வலையோடு, இணையும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் இந்தத் திசை மாறும் மின் அலையைத் தானாக உருவாக்குவதில்லை. தெருக் கம்பியில் ஏற்கெனவே ஓடும் அலையைப் பார்த்து, அதன் தாளத்துக்கு ஒத்தபடி மின்னோட்டத்தை உள்ளே தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த அலை நின்றுவிட்டால் பின்பற்ற எதுவும் இல்லை. பாதுகாப்பும் இன்னொரு காரணம். மின்சாரம் இல்லை என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு வீட்டுக் கூரையிலிருந்து கம்பிக்குள் மின்சாரம் வந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் கிரிட் போன இரண்டு நொடிக்குள் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்று தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன.

சரி, ஒரு பேட்டரியை மாட்டிவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுமா? எல்லா வீட்டிலும் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. பேட்டரி வைத்த பிறகும் மின்தடையில் இருட்டாகும் வீடுகள் உண்டு. அதை முடிவு செய்வது பேட்டரியோடு வரும் இன்வெர்ட்டர். பிறர் அலையைப் பின்பற்ற மட்டும் தெரிந்ததா, அல்லது தானே ஒரு புது அலையை உருவாக்கி வீட்டை ஓட்டத் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. இரண்டாவது வகையாக இருந்தால், கிரிட் போனவுடன் ஒரு சுவிட்ச் வீட்டைத் தெருவிலிருந்து துண்டிக்கிறது. பேட்டரியிலிருந்து புதிய அலை கிளம்புகிறது. அதைப் பார்த்து கூரை இன்வெர்ட்டரும் மறுபடி விழித்துக்கொள்கிறது. வீடு ஒரு சின்னத் தீவாகி, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், "கிரிட் போனால் இது ஓடுமா, அப்போது பேனலும் சேர்ந்து ஓடுமா" என்று கேட்பேன்.

இந்தத் தீவுக்குள் நடக்கும் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மின்தடை இருக்கிறது, நல்ல வெயில், பேட்டரி நிறைந்துவிட்டது, வீட்டில் ஒரு ஃபிரிட்ஜும் இரண்டு ஃபேனும்தான் ஓடுகின்றன. மிச்சமாகும் மின்சாரம் எங்கே போகும்? தெருவுக்கு அனுப்ப வழியில்லை, பேட்டரியில் இடமில்லை. கூரை இன்வெர்ட்டரும் பேட்டரி இன்வெர்ட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக, வெவ்வேறு கம்பெனி தயாரிப்பாகவும் இருக்கலாம். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தகவல் கம்பி கிடையாது. ஆனாலும் பேட்டரி இன்வெர்ட்டர் ஒரு சேதி சொல்கிறது. நொடிக்கு 50 சுற்று என்றிருந்த அலையைக் கொஞ்சம் வேகப்படுத்தி 51, 52 என்று உயர்த்துகிறது. அலையின் வேகம் கூடினால் எங்கேயோ மின்சாரம் தேவைக்கு மேல் இருக்கிறது என்று பொருள் கொள்ளும்படி கூரை இன்வெர்ட்டரை ஏற்கெனவே அமைத்திருப்பார்கள். அது தன் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கிறது. பேனலிலிருந்து எடுக்காத மின்சாரம் எங்கும் தேங்கி நிற்பதில்லை. பேனல் சற்றுக் கூடுதலாகச் சூடாகிறது, வேறொன்றும் ஆகாது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மின்தடை இரவு முழுக்க நீடித்து, பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சூரியன் வந்தாலும் அலையை ஆரம்பித்துவைக்க ஆளில்லை. கூரையில் வெயில் அடிக்க, வீடு அப்படியே கிடக்கும். அதனால்தான் நல்ல அமைப்புகள் ஒரு பத்து சதவீதத்தையாவது தொடாமல் ஒதுக்கிவைக்கின்றன. சிலர் அந்த ஒதுக்கீட்டை பேட்டரியின் கைபேசிச் செயலியில் போய்க் குறைத்துவிட்டு, "கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடுகிறது" என்று சந்தோஷப்படுவார்கள். நீண்ட மின்தடையில்தான் அதன் விலை தெரியும்.

பேனலும் பேட்டரியும் ஒரே இன்வெர்ட்டரில் இணைந்தால் அதை ஹைபிரிட் என்கிறார்கள். அங்கே பேனலின் டிசி, டிசியாகவே பேட்டரிக்குப் போகிறது. வீட்டுக்கு வரும்போது ஒரே ஒரு முறை ஏசியாகிறது. பழைய பேனல் அமைப்போடு பின்னால் பேட்டரி சேர்த்தால் பெரும்பாலும் டிசி ஏசியாகி, மறுபடி டிசியாகி, மறுபடி ஏசியாக வேண்டியிருக்கும். மாற்றும் ஒவ்வொரு தடவையும் சில சதவீதம் வெப்பமாகப் போய்விடும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஹைபிரிட் லாபம். ஏற்கெனவே நன்றாக ஓடும் இன்வெர்ட்டரை இந்த ஒரு காரணத்துக்காகக் கழற்றி எறிய வேண்டியதில்லை.

இப்போது பேட்டரிக்குள் போகலாம். லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுச் சேமிப்பில் இன்று முன்னணியில் இருப்பது அதன் இன்னொரு வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட். இந்த வேதிப்பொருள் பேட்டரிக்கு ஏற்றது என்று 1990-களில் ஜான் குடினஃப் குழுவினர் டெக்சாஸில் காட்டினார்கள். அவரும் ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகியோரும் லித்தியம் அயான் பேட்டரிக்காக 2019-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் இரும்பு பாஸ்பேட், நடுவில் அயனிகளை மட்டும் விடும் திரவம். சார்ஜ் ஏறிய நிலையில் லித்தியம் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே உட்கார்ந்திருக்கும். சுவிட்சைப் போட்டதும் லித்தியம் அயனிகள் திரவம் வழியாக மறுபக்கம் போகின்றன. எலக்ட்ரான்களால் அந்த வழியில் போக முடியாது. அவை வெளியே கம்பியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் உங்கள் விளக்கை எரித்துவிட்டுப் போகின்றன. சார்ஜ் செய்யும்போது எல்லாம் தலைகீழ். லித்தியம் குடியேறினாலும் காலிசெய்தாலும் இரண்டு பக்கத்துப் பொருளின் கட்டமைப்பும் பெரிதாகக் குலைவதில்லை. ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்க முடிவது அதனால்தான். 1859-ல் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமில பேட்டரியில் ஒவ்வொரு தடவையும் தகடுகளே வேதிமாற்றம் அடைந்து, மறுபடி பழைய நிலைக்கு வர வேண்டும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அது சீக்கிரம் ஓய்ந்துவிடுவதற்கு இது முக்கியக் காரணம்.

இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றின் மின்னழுத்தம் சுமார் 3.2 வோல்ட். 16 செல்களை வரிசையாகக் கோர்த்தால் 51.2 வோல்ட். அதே எடையில் கோபால்ட், நிக்கல் கலந்த வகை கூடுதல் ஆற்றலைத் தாங்கும். அது காருக்கு முக்கியம், சுவரில் மாட்டுவதற்கு முக்கியமில்லை. இரும்பு பாஸ்பேட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடானாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியேறாது. மற்ற வகைகளில் அது வெளியேறி, உள்ளேயிருந்தே தீக்குத் தீனி போடும். அதற்காக "இந்த பேட்டரி தீயே பிடிக்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது. செல் கெட்டுப்போனால் தீப்பற்றும் வாயுக்கள் வெளிவரும். ஆபத்து குறைவு, இல்லாமல் போய்விடவில்லை. படுக்கையறையிலோ வெளியேறும் வழியிலோ மாட்டாமல் இருப்பது நல்லது.

செல்களைக் கண்காணிக்க உள்ளே ஒரு மின்னணுப் பலகை உண்டு, பிஎம்எஸ் என்பார்கள். வரிசையில் ஒரே ஒரு செல் பலவீனமாக இருந்தாலும் போதும், அது தீர்ந்தவுடன் மொத்த வரிசையையும் நிறுத்தியாக வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற விடாமல் தடுப்பதும் இதன் வேலைதான். அந்தக் குளிரில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும்.

செயலியில் தெரியும் சதவீதம் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு பாஸ்பேட் செல்லில் சார்ஜ் 80 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை இறங்கினாலும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட அசையாது. அதை அளந்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதனால் உள்ளே எவ்வளவு மின்னோட்டம் போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று பிஎம்எஸ் கணக்கு எழுதிக்கொண்டே வருகிறது. சின்னச் சின்னப் பிழைகள் நாளடைவில் சேர்ந்துவிடும். அவ்வப்போது முழுசாகச் சார்ஜ் ஆகும்போதுதான் கணக்கு நேராகும். பல நாள் மேகமூட்டத்துக்குப் பிறகு 25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி பட்டென்று நின்றால் பதற வேண்டாம், கணக்கு தவறியிருக்கும்.

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? இங்கே கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். யூனிட் என்பது, அதாவது கிலோவாட் மணி, மொத்தக் கொள்ளளவு. கிலோவாட் என்பது ஒரே நேரத்தில் வெளியே வரக்கூடிய வேகம். குடம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாய் குறுகலென்றால் ஒரேயடியாகக் கொட்டாது. 10 யூனிட் பேட்டரியோடு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் இருந்தால், தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரும் மின் அடுப்பும் ஒன்றாக ஓடும்போது பேட்டரி நிறைந்திருந்தும் இன்வெர்ட்டர் நின்றுவிடும். மோட்டார் இன்னும் மோசம். கிளம்பும் கணத்தில் அது ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்.

கொள்ளளவுக்கு வருவோம். 5 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 20 யூனிட் தருகிறது, வீட்டுக்கு ஒரு நாளைக்கு 14 யூனிட் தேவை, அதில் 8 யூனிட் இருட்டிய பிறகு செலவாகிறது என்று கொள்வோம். பகல் தேவையான 6 நேராகக் கூரையிலிருந்து கிடைத்துவிடும். மிச்சம் 14. இரவுக்கு வேண்டியது 8. இழப்பையும் அடிமட்ட ஒதுக்கீட்டையும் சேர்த்து 10 யூனிட் பேட்டரி போதும். 20 யூனிட் பேட்டரி வாங்கினாலும் இரவில் அதே 8 யூனிட்தான் செலவாகும். மீதிப் பாதி சும்மா உட்கார்ந்து வயதாகும். இதற்கு மாறாக 2 கிலோவாட் பேனலோடு அதே 10 யூனிட் பேட்டரியை வைத்தால், பகல் செலவு போக 2 யூனிட்தான் மிஞ்சும். பேட்டரி ஒருநாளும் நிறையாது. ஆகவே அளக்க வேண்டியது இரவுச் செலவை. அப்புறம் பகல் மிச்சத்தை. இரண்டில் எது சிறியதோ, அதுவே பேட்டரியின் அளவு. கூரையின் பரப்பளவை வைத்துப் பேட்டரி விற்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

பேட்டரி வாங்கும் முன்னே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த சுமார் 3.5 யூனிட் ஆகும். நல்ல உறை போட்ட ஹீட்டர் தொட்டியை நடுப்பகலில் ஓடவிட்டால், அந்த 3.5 யூனிட்டும் வெந்நீராகவே சேமிக்கப்பட்டுவிடும். துணி துவைப்பதும் தண்ணீர் இறைப்பதும் வெயில் நேரத்துக்கு மாறினால் பேட்டரி இன்னும் சிறிதாகலாம்.

பணக்கணக்கு, நீங்கள் கிரிட்டுக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. கொடுத்த யூனிட்டுக்குச் சரிக்குச் சரி யூனிட் திருப்பிக் கிடைத்தால் கிரிட்டே செலவில்லாத பேட்டரி. அங்கே சொந்த பேட்டரி மின்தடைக்கு மட்டும்தான் உதவும். கொடுப்பதற்குச் சொற்ப விலையும் மாலையில் வாங்குவதற்கு அதிக விலையும் இருக்கும் இடத்தில் கதையே வேறு. எப்படியிருந்தாலும் இழப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். ஏசியாக 10 யூனிட் உள்ளே போட்டால் 9-க்குச் சற்றுக் குறைவாகத்தான் திரும்ப வரும். எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் விழித்திருக்க 40 வாட் எடுத்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் அதற்கே போய்விடும்.

பேட்டரிக்கு வயதாவது இரண்டு விதம்: ஏற்றி இறக்குவதால் ஒன்று, சும்மா நாட்கள் ஓடுவதால் இன்னொன்று. இரண்டையும் துரிதப்படுத்துவது வெப்பம். நேர் வெயில் படும் சுவரில் மாட்டிய பேட்டரி, நிழலில் இருப்பதைவிட முன்னதாகவே கொள்ளளவை இழக்கும். பலரும் 10 வருட உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் அந்தக் காலம் முடியும்போது 60, 70 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பதற்கான உத்தரவாதம். புதிதாக இருந்தபோது இருந்த அளவு கடைசிவரை இருக்கும் என்று அதில் எழுதியிருக்காது.

பேட்டரியால் முடியாத ஒன்றும் உண்டு. பகலை இரவுக்கு நகர்த்த அதற்குத் தெரியும், ஒரு பருவத்தை இன்னொரு பருவத்துக்கு நகர்த்தத் தெரியாது. வானம் கனமாக மூடிய நாளில் பேனல் வழக்கமான உற்பத்தியில் கால்பங்கு கொடுத்தாலே அதிகம். அப்படி ஒரு வாரம் தொடர்ந்தால் முதல் இரண்டு நாளிலேயே பேட்டரி காலி. ஐந்து மடங்கு பெரிய பேட்டரி வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் கொள்ளளவு வருடத்தில் சில தடவைதான் பயன்படும். கிரிட்டே இல்லாத இடங்களில் வீட்டை ஓட்டுகிறவர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். பேட்டரியை இரண்டு இரவு தாங்கும் அளவில் நிறுத்திவிட்டு, பேனல்களை தேவைக்கு மேல் இரண்டு மடங்காகப் போட்டுவிடுகிறார்கள். வெயில் நாளில் பாதி உற்பத்தி வீணாகும். மேகம் மூடிய நாளில் அந்த இரட்டைப் பேனல் தருகிற இரட்டைக் கால்பங்கில் ஃபிரிட்ஜும் விளக்கும் ஓடிவிடும். அதுவும் போதாத நாளுக்கு ஒரு ஜெனரேட்டர்.