தெருவுக்கு ரோடு வருகிறது: எஸ்டிமேட்டில் எதைப் பார்ப்பது?

ஜல்லி வந்து இறங்கிய பிறகுதான் தெருவுக்கு ரோடு போடப் போகிறார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியும். எந்தப் பொருள், எத்தனை கனம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதற்குப் பல வாரம் முன்பே ஒரு காகிதத்தில் முடிவாகியிருக்கும். அதுதான் எஸ்டிமேட், அதாவது மதிப்பீடு. ஊராட்சியோ மாநகராட்சியோ, தமிழ்நாட்டில் இது இல்லாமல் தெருவில் ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது.

மதிப்பீடு என்றதும் மிரள வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு, ஒரு விலை. இரண்டையும் பெருக்கினால் தொகை. அளவை இளநிலைப் பொறியாளர் நேரில் வந்து எடுக்கிறார். விலையை அவர் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. பொதுப்பணித் துறை வெளியிடும் விலை விகிதப் பட்டியலில் சிமென்ட், கம்பி, ஜல்லி, கொத்தனார் கூலி என எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. அதை வைத்துத்தான் போட வேண்டும்.

விளையாட இடம் இருப்பது 'லீடு', அதாவது பொருள் வந்து சேரும் தூரம், என்ற பக்கத்தில். ஜல்லிக்குக் குவாரியில் ஒரு விலை, அது தெருவுக்கு வந்து சேரும்போது வேறு விலை. இடையில் ஏறுவது வண்டி வாடகை. எந்தக் குவாரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மதிப்பீட்டோடு ஒரு பட்டியல் இணைத்திருப்பார்கள். பக்கத்திலேயே குவாரி இருக்கும்போது தூரத்துக் குவாரியைக் காட்டினால், ஒரு சட்டி சிமென்ட் கொட்டுவதற்கு முன்பே செலவு ஏறிவிட்டது என்று அர்த்தம். என்னைக் கேட்டால் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் இதுதான். கடைசிப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அரசு வேலைகளுக்கு 12 சதவீதமாக இருந்தது 2022 ஜூலையில் 18 ஆனது.

அடுத்தது டெண்டர். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன்கீழ் 2000இல் வந்த விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் கொடுக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாள். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். தகுதி உள்ளவர்களில் மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. அந்த விலையும் சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் அந்த ஒருவரிடம் மட்டும் பேசிக் குறைக்கலாம். இரண்டாம் இடத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பேரம் பேசச் சட்டத்தில் இடமில்லை.

மதிப்பீட்டுக்கு ரொம்பக் கீழே ஒருவர் எடுத்திருந்தால் அரசுக்கு லாபம்தானே என்று தோன்றும். எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். சிமென்ட் விலை அவருக்காகக் குறையப் போவதில்லை. குறைத்துக் கேட்ட பணத்தை எங்கோ பிடித்தாக வேண்டும். பெரும்பாலும் ரோட்டின் கனத்தைக் குறைத்துத்தான் பிடிப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனத்தில் சிமென்ட் ரோடு என்றால் 45 கனமீட்டர் கான்கிரீட். எம்-20 தரத்துக்கு (கான்கிரீட்டின் வலுவைச் சொல்லும் குறியீடு இது) ஒரு கனமீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும், ஆக 360 மூட்டை. கனம் 12 செ.மீ. ஆனால் கான்கிரீட் 36 கனமீட்டர்தான். 72 மூட்டை சிமென்டும் அதற்கேற்ற ஜல்லியும் எம்-சாண்டும் ஒரே ஒரு தெருவில் காணாமல் போகின்றன. பில் மட்டும் 45 கனமீட்டருக்கே போகும்.

ஓரத்தில் டேப் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. ஓரத்துப் பலகை சரியாக 15 செ.மீ. உயரம் இருக்கும். நடுவில் தரையைச் சீராக வெட்டாமல் மேடாக விட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவர் செய்து காட்டியது இது. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் இரு பக்கப் பலகைகளுக்கும் குறுக்கே நூலை இழுத்துக் கட்டினார், நடுவில் நூலிலிருந்து தரை வரை டேப்பை இறக்கினார். 11 செ.மீ.தான் இருந்தது. யாரும் சண்டை போடவில்லை. நூலைப் பார்த்ததுமே மண்வெட்டி வந்துவிட்டது. இன்னொன்று: மண் வெட்டி அகற்றியதற்கு மதிப்பீட்டில் தனி ஐட்டம் உண்டு. வெட்டாமலே அந்த ஐட்டத்துக்கும் பில் போட்டுவிடலாம் என்பதால் வேலைக்கு முன் நான்கு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

பொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் காகிதம் உண்டு. ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றி வரும் லாரியில் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இருக்க வேண்டும். அது இல்லாத லோடு விலை குறைவாகக் கிடைக்கும், அந்த லாபம் ஊருக்கு வராது. சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டியது என்றால் வலு குறைந்திருக்கும். பேவர் பிளாக் பதிப்பதானால் ஐ.எஸ். 15658 தரநிலையைக் கேளுங்கள். அந்தத் தரநிலையின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இலகுவான வண்டிகள் ஓடும் தெருவுக்கு 60 மி.மீ. கனம், எம்-35 தரம். குப்பை லாரியும் தண்ணீர் லாரியும் தினம் வரும் தெருவில் 80 மி.மீ. போடுவதே புத்திசாலித்தனம். கான்கிரீட் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஒப்பந்ததாரர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். இப்போது பெரும்பாலும் வருவது பி.பி.சி. எனப்படும் கலப்பு சிமென்ட், அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும்.

தார் ரோடு என்றால் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு எழுதினார். ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகி மழைத் தண்ணீர் வாசலேறுவதைத் தடுக்கத்தான் அது. மில்லிங், அதாவது பழைய ரோட்டைச் சுரண்டுவது, என்ற ஐட்டம் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐட்டம் இருந்தும் இயந்திரம் வரவில்லை என்றால் கேள்வி கேட்க அதுவே போதும்.

பணம் பட்டுவாடா ஆவது எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தை வைத்து. செய்த வேலையை அளந்து பொறியாளர் அதில் எழுதுகிறார், மேலே உள்ளவர் சரிபார்க்கிறார், பில் நகர்கிறது. அதில் எழுதியதும் தெருவில் இருப்பதும் ஒன்றா என்பதுதான் மொத்தப் பிரச்சினையே.

இதைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு சொல்வது: காகித நகல் மட்டுமல்ல, வேலையை நேரில் ஆய்வு செய்வதும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் உரிமையே. இந்தக் கடைசி வசதியை அநேகமாக யாரும் பயன்படுத்துவதில்லை. மனுவில் நீளமாகப் புலம்ப வேண்டாம். வேலையின் பெயரையும் தெருவையும் குறிப்பிட்டு, லீடு பட்டியலுடன் மதிப்பீட்டு நகல், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், வேலையின்போது வார்த்த மாதிரிக் கான்கிரீட் கட்டிகளின் 28 நாள் வலுச் சோதனை அறிக்கை, இந்த மூன்றைக் கேளுங்கள். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.