ரெசிடென்சி: வதிவிடத்தை எப்படி ‘முடிப்பது’?

போன மாதம் ஓர் ஓவியக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் ஒருவர் ஓவியரை இப்படி அறிமுகப்படுத்தினார்: “இவர் ஐஸ்லாந்தில் இரண்டு மாத வதிவிடத்தை வெற்றிகரமாக முடித்துத் திரும்பியவர்.” பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் காதருகே குனிந்து, “அங்க வீடு கட்டினாரா தம்பி?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். காதில் விழுந்த தமிழுக்கு அதுதானே பொருள்!

அழைப்பிதழ் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. அதில் ‘சர்வதேசக் கலைஞர் குடியிருப்பு’ என்று அச்சடித்திருந்தார்கள். ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்று அரசுத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கும் மாநிலத்தில் இதைப் படிப்பவர் மனு எழுத உட்கார்ந்துவிட மாட்டாரா? கலைஞரை அழைத்துச் சில காலம் தங்கவைத்து அவர் வேலையைப் பார்க்கவிடும் ‘ரெசிடென்சி’க்குத்தான் இந்தத் தமிழெல்லாம். அதிலும் ‘வதிவிடம்’ என்பதை இந்த வருடத்தில் மட்டும் ஏழெட்டு முறை கேட்டுவிட்டேன். இனிப் பொறுக்க முடியாது.

முதலில் ரெசிடென்சி என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘செதேரே’ என்றால் உட்கார்தல். ‘ரெ’ என்ற முன்னொட்டு பின், திரும்ப என்று பொருள்படும். இரண்டும் சேர்ந்த ‘ரெசிதேரே’, மற்றவர் எழுந்து போன பிறகும் பின்தங்கி உட்கார்ந்திருப்பது. முன்னால் உட்கார்ந்தவர் பிரெசிடென்ட், தங்கி உட்கார்ந்தவர் ரெசிடென்ட். வடித்த பிறகு அடியில் உட்கார்ந்துவிடும் கசடுக்கான ‘ரெசிட்யூ’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தான். கிழக்கிந்தியக் கம்பெனி சுதேச அரசவைகளில் உட்கார்த்தி வைத்த வெள்ளைக்காரர் ரெசிடென்ட், அவர் மாளிகை ரெசிடென்சி. 1857 முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்ட லக்னோ ரெசிடென்சி இடிபாடாக இன்றும் நிற்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் பயின்ற மருத்துவர்களுக்கு அந்தப் பெயர் போனது. இப்போது நம் ஊர் லாட்ஜுக்கும் அடுக்குமாடிக்கும் அதே பெயர்ப் பலகை. பிறப்பு அவ்வளவுதான்.

கலை உலகத்துக்கு வருவோம். ஓர் அரசோ, அறக்கட்டளையோ, சின்ன ஊரோ கலைஞரைக் கூப்பிட்டு, “இத்தனை நாள் இங்கே இரு, உன் வேலையைப் பார்” என்று சொல்லும் ஏற்பாடுதான் ரெசிடென்சி. பதினான்காம் லூயி 1666-இல் ரோமில் பிரெஞ்சு அகாடமியைத் தொடங்கி இளம் கலைஞர்களை அனுப்பி வைத்தார். அது 1803 முதல் வில்லா மெடிச்சி மாளிகையில் நடக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மெக்டவல் என்ற ரெசிடென்சி 1907-இல் பிறந்தது. அங்கே காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய தனிக்குடில்களில்தான் வேலை. மதியச் சாப்பாடு கூடையில் வரும். அதுவும் எழுதுகிறவரின் கவனம் கலையாதபடி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கிளம்பும்போது குடிலில் இருக்கும் மரப்பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பலகைகளை அங்கே செல்லமாகக் ‘கல்லறைக் கல்’ என்கிறார்கள். வந்தவர் யாரும் அங்கே குடியிருக்கவில்லை, வந்து போனார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

‘குடியிருப்பு’ விஷயத்தில் மெக்டவலே எனக்குத் துணைக்கு வருகிறது. நூற்றாண்டுக்கும் மேல் அதன் பெயர் ‘மெக்டவல் காலனி’. 2020-இல் ‘காலனி’யை வெட்டி எறிந்துவிட்டார்கள். அந்தச் சொல்லில் அடக்குமுறையும் விலக்கலும் ஒட்டியிருக்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். காலனி என்ற சொல் எந்தத் தெருவைக் குறிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? அவர்களே தூக்கிப்போட்டதை நாம் குடியிருப்பு என்று மொழிபெயர்த்து வாசலில் மாட்டுகிறோம்.

குடியிருப்பு என்ற சொல் பொருந்தும் இடம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் சக ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, கைவினைப் பொருள் விற்ற காசில் வீடு கட்டி, குடும்பத்தோடு வாழ்ந்த சோழமண்டலம். அது குடியிருப்பு. ஒரு மாதத்துக்குப் பெட்டியோடு வந்து போகிறவர் தங்கும் இடத்துக்கும் அதே பெயரா?

சரி, வதிவிடம். இது இலங்கைத் தமிழில் நெடுநாளாக நல்ல உயிரோடு இருக்கும் சொல். வதிவிட விசா, வதிவிடப் பயிற்சி என்று பத்திரிகையிலும் படிவத்திலும் புழங்குகிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் வேரான ‘வதி’, அதாவது ‘தங்கு’, அதன் மீதும் குறை சொல்ல மாட்டேன். குறுந்தொகையின் ஐந்தாம் பாட்டில் புன்னை நிழலில் ‘வதிகுருகு’ உறங்குகிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உள்ள வினையை வடமொழி என்று ஒதுக்க நான் யார்?

என் வழக்கு ‘இடம்’ மீது. வதிவிடம் என்றால் வதியும் இடம், வீடு. ஆங்கிலத்தில் வீட்டுக்கு ‘ரெசிடென்ஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது, வீட்டில் இருக்கும் காலத்துக்கும் நிலைக்கும் ‘ரெசிடென்சி’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதல் சொல்லைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கும் அதையே ஒட்டிவிட்டார். அதனால்தான் ‘இரண்டு மாத வதிவிடம்’ என்று காலத்தை இடத்தின் தலையில் கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு மாதக் கொட்டகை, இரண்டு மாத மாட்டுத்தொழுவம் என்பது போல. வதிவிடத்தை ‘முடிக்க’ முடியாது, பூட்டத்தான் முடியும். வதிவிடத்துக்கு ‘விண்ணப்பிக்க’ முடியாது, அட்வான்ஸ் கொடுக்கத்தான் முடியும்.

இடமே இல்லாத ரெசிடென்சிகளை என்ன செய்வார்கள்? வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் கலைஞர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஒன்று இருக்கிறது. பனிப்பாறை ஓரத்தில் இறக்கிவிட்டால் வரைவார்கள், ஒலி பதிவார்கள். காவலுக்குத் துப்பாக்கியோடு ஆள் நிற்பார், பனிக்கரடி வரலாம் என்பதால். இது வதிவிடமா?

அந்த ஓவியர் போன ஐஸ்லாந்துக்கே வருகிறேன். அவர் எந்த ஊருக்குப் போனார் என்று மேடையில் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஊர், படித்தும் படம் பார்த்தும், ஸ்காகாஸ்ட்ராண்ட். வடமேற்குக் கரையில் ஐந்நூறு பேர்கூட முழுதாக இல்லாத மீனவ ஊர். முன்பு மீன் பதனிட்ட கட்டடத்தை ஓவியக்கூடமாக மாற்றி, 2008 முதல் ‘நெஸ்’ என்ற ரெசிடென்சியை நடத்துகிறார்கள். பல நாட்டுக்காரர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று வருகிறார்கள். ஓவியர், நெசவுக்காரர், புகைப்படக்காரர், எழுதுகிறவர், பாட்டுக்காரர் எல்லாரும் உண்டு. அரண்மனை உபசாரம் எதிர்பார்க்கக் கூடாது. கட்டணம் நம் கையிலிருந்து, வீடும் அடுப்பங்கரையும் பொது. ஊருக்குப் பின்னால் நிற்கும் மலைக்கு ஸ்பாக்கோனுஃபெல் என்று பெயர். நேராகத் தமிழில் சொன்னால் குறிசொல்லி மலை. பத்தாம் நூற்றாண்டில் தோர்டிஸ் என்ற குறிசொல்லி அங்கே வாழ்ந்தாள் என்பது ஊர்க் கதை. டிசம்பரில் பகல் சுமார் மூன்று மணி நேரம்தான், ஜூனில் இரவு என்ற ஒன்றே வராது. வண்ணத்தை நம்பி வாழும் ஆளுக்கு இது பெரிய விஷயம். வெளிச்சத்துக்காகவே காத்துக் கிடந்து, வந்ததும் ஓடிப்போய் வரைய வேண்டும். மாதக் கடைசியில் கூடத்தைத் திறந்து விடுவார்கள். ஊர்க்காரர்கள் வந்து, இத்தனை நாள் இவர்கள் உள்ளே என்னதான் செய்தார்கள் என்று பார்த்துப் போவார்கள். முடியாத படம், பாதிப் பாட்டு, கரையில் பொறுக்கிய சிப்பியும் கயிறும் என்று எதுவும் அங்கே இருக்கலாம். பலருக்கு அந்த மாதத்தில் ஒன்றுமே முடிந்திருக்காது. அதற்கும் அங்கே இடம் உண்டு.

இத்தனையும் அடங்கிய வார்த்தை நமக்கு வேண்டும். அறையும் கட்டிலும் அதில் கடைசிப் பங்குதான்.

‘உறைவு’ என்று சிலர் சொல்கிறார்கள். உறைவிடப் பள்ளி, உறைவிட மருத்துவர் எல்லாம் இருக்கும்போது உறைகலைஞர் இருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். நல்ல தமிழ்தான். ஆனால் ஐஸ்லாந்துக்குப் போன ஆளை உறைகலைஞர் என்றால், குளிரில் விறைத்தவர் என்றுதான் முதலில் தோன்றும். இங்கேயோ உறை என்றதும் தலையணையும் பாலுக்கு ஊற்றும் மோரும் நினைவுக்கு வரும். ‘முகாம்’ என்றால் விசில் அடித்து எழுப்புவார்கள். ‘பட்டறை’யில் சொல்லிக் கொடுக்க ஆள் இருப்பார், இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

லத்தீனுக்கு அச்சாகப் பொருந்துவது நம் ‘இரு’தான். அதற்கு உட்கார் என்றும் பொருள், தங்கு என்றும் பொருள். “நாலு நாள் இருந்துட்டுப் போயேன்” என்று பாட்டி சொல்கிறாளே, அதுதான் ரெசிடென்சிக்கு நான் கேட்டதிலேயே சிறந்த மொழிபெயர்ப்பு. பாவம், அதிலிருந்து பிறந்த ‘இருப்பு’ மளிகைக் கடைக்கும் வங்கிக் கணக்குக்கும் போய்விட்டது. ‘இருக்கை’யைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன.

ஆகவே நான் சொல்வது ‘தங்கல்’. கலைத்தங்கல், எழுத்துத்தங்கல், இசைத்தங்கல். ஆளைக் குறிக்கத் தங்குகலைஞர். இது என் கண்டுபிடிப்பு இல்லை, கடற்கரையில் இரவல் வாங்கியது. விசைப்படகு அன்றன்றே கரை திரும்பாமல் பல நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிப்பதைத் தங்குகடல் மீன்பிடிப்பு என்கிறார்கள். ஐஸ் ஏற்றிக்கொண்டு, அரிசி பருப்பு கட்டிக்கொண்டு போய், வலையில் விழுந்ததோடு திரும்புவார்கள். சில தடவை வெறும் படகு. நெஸ்ஸில் நடப்பதும் இதேதான், கட்டடம்கூட மீன் வாடை அடித்த கட்டடம்!

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். “இரண்டு மாதக் கலைத்தங்கலை முடித்துத் திரும்பினார்.” பக்கத்து நாற்காலிப் பெரியவர் வீட்டைப் பற்றிக் கேட்க மாட்டார். “கலைத்தங்கலுக்கு விண்ணப்பிக்கலாம்.” சரியாக இருக்கிறது. “கப்பல் தங்கல்.” அதுவும் நிற்கிறது.

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “லாட்ஜ் மாதிரி இருக்கேப்பா” என்றார். லாட்ஜ் வாடை ‘விடுதி’யிலிருந்து வருவது, தங்கலிலிருந்து அல்ல. தங்கும் விடுதி என்று சேர்த்தே கேட்டுப் பழகியதால் அப்படித் தோன்றுகிறது. எனக்கு உள்ள பயம் வேறு. அச்சகத்தில் யாராவது ஒரு கால் கூடப் போட்டு ‘கலைத்தாங்கல்’ ஆக்கிவிடுவார்கள். தாங்கல் என்றால் ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் வரிசையில் இன்னொரு ஊர் என்று பஸ் நம்பர் விசாரிப்பார்கள்.

மாதக் கடைசித் திறப்புக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே அழைப்பிதழில் ‘ஓப்பன் ஸ்டுடியோ’வை ‘திறந்த கலையகம்’ என்று போட்டிருந்தார்கள். திறந்தவெளிச் சிறை, திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இப்போது இது. அந்தச் சின்ன ஊரில் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவே. ‘கூடம் பார்க்க வாருங்கள்’ என்று அச்சடித்தால் கூட்டம் வரும்.